ரங்குவின் கழுத்தும் இவர்களுடைய மேற்கும்

இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்ற வந்த என் நாத்தனார் அலமேலு அக்கா, "கமலா, உன் இலைக்கு மேற்கால ஒரு எறும்பு போகுது பாரு" என்றார். இலைக்கு மேற்கால. மலாயாவில் தைப்பிங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு மேற்கு எது என்று தெரியுமா? கல்யாணமாகி இந்த ஸ்ரீரங்கத்துக்கு வந்த நாளில் எனக்கும் தெரியாது. உப்பு எங்கே என்று கேட்டால் "அடுப்புக்கு வடக்கே" என்பார்கள். செம்பு எங்கே என்றால் "தெற்கு மாடத்துல" என்பார்கள். நான் அடுப்படியில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்பேன். மலாயாவிலிருந்து மக்குப் பெண்ணைக் கட்டி வந்துவிட்டோமோ என்று இவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று யோசிக்காமலே என் கண் எறும்பு இருந்த பக்கம் போய்விட்டது. எறும்பை விட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த ஊரின் அமைப்பே அப்படி. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். வீதிகளின் பெயரே கிழக்குச் சித்திரை வீதி, மேற்குச் சித்திரை வீதி என்றுதான் இருக்கும். எங்கள் வீடு வடக்கு வீதி ஒன்றில், தெற்கே பார்த்த வாசலோடு இருக்கிறது. உள்ளே படுத்திருக்கும் பெருமாளுக்கும் தலை மேற்கே, கால் கிழக்கே, முகம் தெற்கே என்று கணக்கு உண்டு. பால் குடிக்கும் வயசிலேயே இவர்களுக்குத் திசை பழகிவிடுகிறது.

நாம் அப்படியா வளர்ந்தோம்? என் அப்பா தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆசுபத்திரி டிரெஸ்ஸர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். எங்கள் குவாட்டர்ஸில் இருந்தவை கிளினிக் பக்கம், தொழிலாளர் லயத்துப் பக்கம், ரப்பர் பக்கம், அவ்வளவுதான். டவுனுக்குப் போனால் டாக்சிக்காரரிடம் மலாய் மொழியில் 'கிரி' என்றால் இடது, 'கானான்' என்றால் வலது. அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு பினாங்கு முழுக்கச் சுற்றி வரலாம். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறான் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பாதி நாள் மழை, மீதி நாள் மேகம், கேட்டும் பிரயோசனம் இல்லை.

இந்த வித்தியாசத்தால் உப்பும் செம்பும் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மகனின் கழுத்து இதில் மாட்டிக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரங்கு பிறந்து இரண்டு மாதம் இருக்கும். எண்ணெய் தேய்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அவன் முகம் எப்போதும் வலது பக்கமே திரும்பியிருந்தது. தலை மட்டும் இடது தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் கண் வரும், கழுத்து வராது. டிரெஸ்ஸர் மகள் ஆனதால் விரலால் தடவிப் பார்த்தேன். கழுத்தின் இடது பக்கத்துத் தசையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

தெருவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "உரம் விழுந்திருக்கு" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். குழந்தையை ஏடாகூடமாகத் தூக்கினால் கழுத்திலோ முதுகிலோ பிடித்துக்கொள்வதற்கு இங்கே உரம் விழுவது என்று பெயர். அதற்கு வைத்தியம், குழந்தையை ஒரு புடவையில் போட்டு இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு தரம் உருட்டி முடித்துவிட்டார்கள். ரங்குவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே, முன்னைப் போலவே வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார், வியாபாரத்துக்கு நல்ல குணம். அவரை இழுத்துக்கொண்டு, பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு ஆசுபத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, தசை இறுகியிருக்கிறது, பயிற்சி கொடுத்தால் இளகும் என்று மிஸ் ஐரினிடம் அனுப்பினார். மிஸ் ஐரின் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண். போலியோ வந்த பிள்ளைகளுக்குக் கால் பயிற்சி கொடுப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. ரங்குவை மேஜையில் மல்லாக்கப் போட்டார். ஒரு கையால் தோளை அழுத்திக்கொண்டு, மறு கையால் தாடையைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டார். ரங்கு போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வீட்டுல தினம் செய்யணும் அம்மா. துணி மாத்தறப்ப எல்லாம் செய். பால் குடுக்கறப்ப லெஃப்ட் திரும்பற மாதிரி குடு. விளையாட்டு எல்லாம் லெஃப்ட். தூளியில ரொம்ப நேரம் போடாத" என்றார். தூளி கூடாது என்றதும் நம் ஊர் ஸ்பிரிங் மாட்டிய சாரோங் புவாயான் தொட்டில் ஞாபகம் வந்தது. அதில் மட்டும் கழுத்து நேராகவா இருந்தது? நாம் எல்லோரும் எப்படித்தான் கழுத்தோடு வளர்ந்தோமோ தெரியவில்லை.

பிறகு அவர் கேட்டார், "உன் வீட்டுல பாபா படுக்கற எடத்துல வெளிச்சம் எந்தப் பக்கம்?"

நான் யோசித்தேன். கூடத்தில் சுவரோரமாகப் பாய் போட்டுப் படுக்க வைப்போம். வலது பக்கம் முற்றம், இடது பக்கம் வெறும் சுவர். வெளிச்சம், காக்கை, நடமாட்டம் எல்லாம் வலது பக்கம்தான் என்று சொன்னேன்.

"அப்ப சிம்பிள். தலை இருக்கற எடத்துல காலை வை. வெளிச்சம் தானா லெஃப்டுக்கு வந்துரும். அவனே திரும்புவான்."

இவ்வளவு சுலபமான வழி இருக்கிறதே என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ரங்குவைத் திருப்பிப் போட்டேன். கழுத்து அசைந்ததோ இல்லையோ, அலமேலு அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அக்கா என் வீட்டுக்காரரை விடப் பெரியவர். கணவர் போன பிறகு தம்பியோடு இருக்கிறார். ரங்குவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

"என்ன கமலா இது, வடக்கே தலை வச்சிருக்கே?"

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா. வெளிச்சம் இந்தப் பக்கம் வரணுமாம்."

"டாக்டரம்மா ஆயிரம் சொல்லுவா. பச்சப் புள்ளைய யாராவது வடக்கே தலை வச்சுப் படுக்க வைப்பாங்களா? எடு மொதல்ல."

"கழுத்து சரியாக வேண்டாமாக்கா?"

"கழுத்து சரியாகறதுக்கு உயிரு வேணும்ல?"

சொல்லிக்கொண்டே அவரே தூக்கித் திருப்பிப் போட்டுவிட்டார். நான் மறுபடி திருப்பினேன். அவர் மறுபடி திருப்பினார். ரங்கு இதையும் உருட்டுகிற விளையாட்டு என்றே நினைத்திருப்பான். ராத்திரி வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "அந்த மிஸ் சொல்றதும் சரி, அக்கா சொல்றதும் சரி" என்றார். பிறகு, "பெருமாளே காலங்காலமா ஒரே பக்கம் பார்த்துத்தான் படுத்திருக்கார், அவரை யார் திருப்பினாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்காவே சமாதானமாக வந்தார். தலை மட்டும் தெற்கே இருக்கட்டும், மற்றபடி என்ன செய்ய வேண்டுமோ சொல், செய்கிறேன் என்றார். "எந்தப் பக்கம் பாக்கணுங்கிறே, அத மட்டும் சொல்லு." ரங்கு பாயில் கிடந்தான். இடது வலது என்று விளக்கப் பொறுமை இல்லாமல், நான் சுவர்ப் பக்கம் கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்றேன்.

"மேற்கேயா? சரி" என்று அக்கா போய்விட்டார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்காவும் சும்மா இருக்கவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தார். பூக்காரம்மா, பால்காரர், எதிர்வீட்டு மாமி, தபால்காரர் என எல்லோருக்கும் எங்கள் பிள்ளை மேற்கே திரும்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஒரு ஊரே என் மகனின் கழுத்துக்காகப் பாடுபடுகிறதே என்று எனக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருந்தது.

நானும் என் பங்குக்கு விடாமல் பயிற்சி கொடுத்தேன். துணி மாற்றும்போதெல்லாம் தோளை அழுத்தி, தாடையைத் திருப்பி, அவன் கதறக் கதறப் பிடித்துக்கொண்டிருப்பேன். பெற்ற தாயைப் பார்த்ததுமே குழந்தை உதட்டைப் பிதுக்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைக் கண்டால் அழுவான், அத்தையைக் கண்டால் சிரிப்பான். சாயங்காலம் நான் பின்கட்டில் அடுப்போடு இருக்கும் நேரம் முழுக்க அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். வாசலிலிருந்து கைதட்டலும் கூப்பாடும் கேட்கும். பிள்ளையை வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பொறாமையாக இருக்கும்.

ரங்குவுக்கு ஆறாவது மாதம் நடந்தபோது மிஸ் ஐரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இன்னும் அப்படியே இருக்கே. நீ வீட்டுல செய்யறியா இல்லியா?" என்றார். செய்கிறேன் என்றேன். "அப்ப வேற யாரோ ரைட் சைடு பழக்கறாங்க. பாரு, ஒரு பக்கக் கன்னம் சின்னதாத் தெரியுது. ஒரு வயசு வரைக்கும் பாக்கலாம். அப்புறம் தசையை வெட்டி விட வேண்டி வரும், மெட்ராஸ் போகணும்." கையால் தன் கழுத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கோடு என் கண்முன் நின்றது. மடியில் ரங்கு ஜன்னல் வழியாகக் காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஜன்னல் வலது பக்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கொட்டிவிட்டேன். "நீங்க யாரும் கவனிக்கிறதே இல்லக்கா. வாசல்ல வச்சு வேடிக்கைதான் காட்டுறீங்க. புள்ளை கழுத்துல கத்தி வைக்கணுங்கிறாங்க."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நாள் பூரா மேற்கே திருப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மூன்றாம் நாள் சாயங்காலம் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போதுதான் அந்த நேரத்தில் எங்கள் வாசலை முதல்முறையாகத் தெருவிலிருந்து பார்த்தேன். அக்கா படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரங்கு அவர் மடியில் அதே பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தான். பூக்காரம்மாவும் எதிர்வீட்டு மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் படிக்கு மேற்குப் பக்கமாகக் கூட்டமாக நின்றுகொண்டு, கைதட்டி, "ரங்கு, இங்க பாரு, ரங்கு" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகன் தாடையை வலது தோள்மேல் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து ஆனந்தமாகச் சிரித்தான்.

"பார்த்துக்க கமலா" என்றார் அக்கா, இரண்டு நாள் கோபத்தையும் விட்டுவிட்டு. "நான் பாடுபடலேன்னியே. மேற்கே எப்படித் திரும்பறான் பாரு."

எனக்கு அழுகை முதலில் வந்ததா, சிரிப்பு முதலில் வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தெற்கே தலை வைத்துப் படுத்தால்தான் மேற்கு அவனுக்கு இடது. தெற்கே பார்த்து உட்கார்ந்தால் அதே மேற்கு வலது. பாயில் படுத்திருக்கும்போது அவன் கதறக் கதற நான் செய்ததை, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு தெருவே கூடி நின்று அன்போடு கலைத்துக்கொண்டிருந்தது. யாரைத் திட்டுவது? சுவரைக் காட்டி "இந்தப் பக்கம்" என்றவள் நான்தான்.

"அக்கா, மேற்கு இல்லக்கா. இடது. அவனுக்கு இடது கைப் பக்கம்."

"படுத்திருக்கறப்ப மேற்கேன்னு நீதானே காட்டினே?"

"படுத்தா மேற்கு. உட்கார்ந்தா கிழக்கு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட நின்றவர்களும் பார்த்தார்கள். "அதெப்படி மாறும்? அவன் இப்படித் திரும்பினா இடது இப்படிப் போகும், அப்படித் திரும்பினா அப்படிப் போகும். நிலையா நிக்காத ஒண்ண வச்சுக்கிட்டு எப்படி வைத்தியம் பண்றது? மேற்கு எங்கயும் போகாதுல்ல" என்றார். பூக்காரம்மா, "அதானே" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கிரி, கானான் என்று நான் உடம்போடு தூக்கிக்கொண்டு அலைகிற பக்கங்கள் நான் திரும்பினால் திரும்பிவிடும். இவர்களுடைய பக்கங்கள் யார் திரும்பினாலும் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் கத்தி என் பிள்ளையின் கழுத்துக்கல்லவா வரப்போகிறது? படியில் உட்கார்ந்து கையைப் பக்கத்துக்குப் பக்கம் நீட்டி, மனசுக்குள் ரங்குவை ஒவ்வொரு திசையாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கணக்குக்குக்கூட அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. கடைசியில் விடை வந்தது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. மேற்கே இருந்தே கூப்பிடுங்க. ஆனா இவனை வடக்கே பார்த்து உட்கார வைங்க. எப்பவும் வடக்கே."

அக்கா தெருவை ஒரு தரம் பார்த்தார். வடக்கே பார்த்து உட்கார்ந்தால் தெருவுக்கு முதுகு காட்ட வேண்டும். அக்காவுக்கு அந்தத் தெருதான் எல்லாம். கணவர் போன பிறகு கல்யாணம், காட்சி என்று அவர் எங்கும் போவதில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் பேசுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த பொழுதுபோக்கு.  எழுந்து, ரங்குவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படிக்கு உள்பக்கமாகப் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, உள்ள வாங்க, மேற்குச் சுவரோரமா நில்லுங்க" என்று மற்றவர்களை அதட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே வடக்கே பார்த்தது. சோறு ஊட்டுவது வடக்கே பார்த்து, விளையாடுவது வடக்கே பார்த்து. அப்படியும் முதலில் ரங்கு திரும்ப மாட்டான். கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டு அழுவான். அக்கா விடமாட்டார். ஒரு பித்தளைக் கரண்டியைச் சுவரில் தட்டித் தட்டி, தொண்டை கட்டிப் போகும்வரை கூப்பிடுவார். வீதியில் பெருமாள் புறப்பாடு வரும்போது மட்டும் எழுந்து வாசலுக்குப் போவார். கும்பிட்டுவிட்டு ஓடி வந்து மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பயிற்சி செய்யும்போது ரங்குவின் தோளைப் பிடித்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைக் கண்டாலும் ரங்கு உதட்டைப் பிதுக்கினான். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

முதல் பிறந்தநாளுக்கு முன்னால் மிஸ் ஐரின் அவன் தாடையைப் பிடித்தபோது, அது இடது தோள்வரை தானாகப் போயிற்று. அவர் மறுபடி செய்து பார்த்தார். கத்தி வேண்டாம் என்றார்.  "என்ன மாத்தின அம்மா?" என்று கேட்டார். "வடக்கே பார்த்து உட்கார வச்சோம்" என்றார் கூட வந்திருந்த அக்கா. மிஸ் ஐரின் மரியாதையாகத் தலையாட்டினார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் விளக்கப் போகவில்லை. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

போன வருஷம் ரங்குவை அழைத்துக்கொண்டு கப்பலேறி அப்பாவைப் பார்க்கப் போனேன். பினாங்கில் இறங்கியதுமே என் நாக்கில் பழைய வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்தன. டாக்சிக்காரரிடம் கிரி, கானான் என்று நான் பேசுவதைப் பார்த்து ரங்கு வாயைப் பிளந்தான். தோட்டத்தில் எதுவும் மாறவில்லை. கிளினிக் பக்கம் கிளினிக் இருந்தது, ரப்பர் பக்கம் ரப்பர் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரங்குவைத் தூங்க வைக்கப் பாயை விரித்தேன். விரித்துவிட்டு நின்றேன். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று தெரியவில்லை. அக்கா ஓடி வரப்போவதில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் ஜன்னல் ஜன்னலாகப் போய் வானத்தைப் பார்த்தேன். வழக்கம்போல மேகம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அவனை மடியிலேயே தூங்க வைத்தேன்.

அவன் எழுந்ததும் அப்பா அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, டிரெஸ்ஸர் விரல்களால் கழுத்தைத் தடவினார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. "கட்டி இருந்த இடமே தெரியலையே. நல்லாப் பார்த்திருக்காங்க" என்றார். அப்புறம் கேட்டார், "எந்தப் பக்கம்மா திரும்பாம இருந்தான்?"

"மேற்கே" என்றேன்.

அப்பாவின் விரல்கள் நின்றன. அவர் கேட்டது என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, "எந்தப் பக்கம்னு கேட்டேம்மா" என்றார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா எனக்காகக் காத்திருந்தார். ரங்கு என் முகத்தையும் தாத்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், இரண்டு பக்கமும் சுலபமாகத் திரும்புகிற கழுத்தோடு. நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்தத் தரையில்தான் நடை பழகினேன். அதில் மேற்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.